மிக்ஸி ஓடாத நாள்

தலையை ஆட்டுவது சுலபம். ஆட்டிய தலையோடு வீட்டுக்கு வந்து தூங்குவதுதான் கஷ்டம். போன வாரம் பேராசிரியையின் அறையில், "சரி மேடம், அந்த வாக்கியத்தையே திரையில் பெரிசா போட்டுடறேன்" என்று மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு வந்த நம் சின்னவளுக்கு, அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இப்போது விடிந்தால் வாய்மொழித் தேர்வு. அதனால் வந்த பயம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பயமாக இருந்திருந்தால் அவள் சமாளித்திருப்பாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வருஷக்கணக்காக நர்ஸாக நின்றவள் அவள். உயிர் போய் வருகிற இடத்தில் கை நடுங்காதவளுக்கு, நான்கு தேர்வாளர்கள் எம்மாத்திரம். இது வேறு. இது குற்ற உணர்ச்சி.

விஷயம் இதுதான். செவிலியர் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள், பக்கவாதம் வந்து படுத்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களின் களைப்பு. படுத்திருப்பவரைப் பற்றி எவ்வளவோ ஆராய்ச்சி வந்துவிட்டது, பக்கத்தில் நிற்கிறவளை யார் கேட்டார்கள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுப்பதற்கு முன், கேள்விகள் சரியாக வருகின்றனவா என்று யாரிடமாவது கேட்டுப் பழக வேண்டும். அதற்காக அவள் வெளியே அலையவில்லை. சமையலறையிலேயே ஆள் இருந்தாள்.

அவளுடைய ஓரகத்தி. மாமியார் படுக்கையில் விழுந்ததும், தையல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு நின்றுவிட்ட பெரியவள். "இது நான் பழகிக்கிறதுக்குத்தான்க்கா. ஆராய்ச்சிக் கணக்குல வராது" என்று சொல்லித்தான் சின்னவள் அன்று செல்போனைப் பதிவில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தாள். சொன்னபோது அது பொய்யில்லை. பிறகுதான் பொய்யாகிவிட்டது.

ஏனென்றால் எத்தனை வீடு ஏறி இறங்கியும் பெரியவள் மாதிரி யாரும் வாய் திறக்கவில்லை. நம்ம கடமைதானே, இதுல என்ன கஷ்டம் என்று நல்ல பேர் வாங்குகிற பேச்சாகவே பேசி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு பலவீனமான மத்தியானம், பழகுவதற்காக எடுத்த பேட்டியையும் மற்ற பேட்டிகளோடு சேர்த்துவிட்டாள். பேர் இல்லை, வயது இல்லை. 'ஒரு பங்கேற்பாளர்', அவ்வளவுதான். அந்த ஒரு பேட்டியின் மேல்தான் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமே எழும்பி நின்றது. அது யார் பேச்சு என்று பேராசிரியைக்குத் தெரியாது. அது சேர்ந்துவிட்டது என்று பெரியவளுக்குத் தெரியாது.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் சின்னவள் இதுவரை எப்படியோ காலத்தை ஓட்டிவிட்டாள். அன்று காலையோடு அது முடிந்தது.

முடித்து வைத்தது வேறு யாருமில்லை, அவள் கணவன்தான். லிஃப்ட் மெக்கானிக். மனைவிக்குப் 'பாதி டாக்டர்' என்று பேர் வைத்து, நாளையோடு முழு டாக்டர் ஆகிவிடுவாள் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அன்று லீவு போட்டுவிட்டு, மடிக்கணினியை ஹாலில் இருந்த டிவியில் இணைத்து, ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். தனக்குப் புரிந்தால் உலகத்துக்கே புரியும் என்பது அவன் கட்சி. போதாததற்கு அம்மாவின் அறைக் கதவையும் அகலமாகத் திறந்து வைத்தான். அம்மாவும் கேட்கட்டுமே என்றான்.

அம்மா கேட்பார். அதில் சந்தேகமே வேண்டாம். தொலைபேசி நிலையத்தில் மேலாளராக இருந்து, குரலாலேயே ஒரு கூட்டத்தைக் கட்டி மேய்த்தவர். பக்கவாதம் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது, பேச்சையும் எடுத்துக்கொண்டது. காதையும் புத்தியையும் தொடவில்லை. இடது கையில் ஓர் எவர்சில்வர் கரண்டி வைத்திருப்பார். ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டுவார். அந்தச் சத்தம்தான் இப்போது அந்த வீட்டில் அவருடைய குரல்.

பெரியவள் மொட்டை மாடியில் விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கணவர் லாரியோடு வெளியூரில். மாடிப்படிப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சின்னவள் பேச ஆரம்பித்தாள். அந்த வாக்கியம் வரும்போது சட்டென்று தள்ளிவிடலாம் என்பது அவள் கணக்கு. தள்ளவும் செய்தாள். கணவன் விடவில்லை.

"இரு இரு. இவ்வளவு பெரிய எழுத்துல போட்டுட்டு எதுக்குத் தாவுற?" என்று பின்னால் நகர்த்தி, கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி உரக்கப் படித்தான்.

"'கூப்பிடுற சத்தம் கேட்டா மிக்ஸியைப் போட்டுடுவேன். அரைக்க ஒண்ணும் இருக்காது. சும்மா ஓட விடுவேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குக் காது கேக்கலைன்னு வெச்சுக்குவேன்.'"

பெரியவள் சொன்னது 'கரண்டிச் சத்தம்'. அடையாளம் தெரியக் கூடாதே என்று சின்னவள் அதை மாற்றியிருந்தாள். மிக்ஸியை மாற்றவில்லை. மிக்ஸி எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, இதை வைத்து யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தாள். பகலெல்லாம் வேலையில் இருக்கிற அவள் கணவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் விளங்கவில்லை.

"யாரு இந்தப் புண்ணியவதி?" என்றான். "வாய் பேச முடியாத ஜீவன் கூப்பிடுது, இவ மிக்ஸியை ஓட்டிக்கிட்டு நிக்கிறாளாம். நம்ம அண்ணிகிட்ட கொண்டு வந்து விடணும் இவளை. எப்படிப் பாத்துக்கணும்னு கத்துக்கட்டும்."

சின்னவள் திரும்பினாள். மாடிப்படியின் கடைசிப் படியில், காலி வாளியோடு பெரியவள் நின்றுகொண்டிருந்தாள்.

திரையில் இருந்ததை அவள் ஒரு முறை முழுதாகப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்க அண்ணி என்று மைத்துனன் விடாமல் கேட்டதற்கு, "அவளுக்கு என்ன கஷ்டமோ, பாவம்" என்று மட்டும் சொல்லி, வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

அதுவரை அறைக்குள்ளிருந்து லேசாக 'டக்... டக்...' என்று வந்துகொண்டிருந்த சத்தம் எப்போது நின்றது என்பதைச் சின்னவள் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, எதையும் மென்று விழுங்க முடியாது. கஞ்சியாகட்டும், வேகவைத்த காயாகட்டும், எல்லாம் மிக்ஸியில் மாவாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கட்டி இருந்தாலும் புரையேறிவிடும். சின்னவள் சமையலறைக்குள் போனபோது மிக்ஸி ஓரமாகக் கிடந்தது. பெரியவள் வெந்த காய்களை ஒரு வடிகட்டியில் போட்டுக் கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்திக் கடைந்துகொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

அக்கா என்று ஆரம்பித்தாள் சின்னவள். காலேஜுக்கு நேரமாகிறதே என்று சொல்லி, பெரியவள் அவளுக்குத் தட்டு வைத்துப் பரிமாறினாள். வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே போட்டாள். திட்டியிருக்கலாம், தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். அந்தக் கூடுதல் கரண்டியைத்தான் சின்னவளால் தாங்க முடியவில்லை. பாதியில் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினாள்.

பேராசிரியைக்கு மாணவிகள் வைத்திருந்த பேர் சிவப்பு மை. அவரிடம் கொடுத்த ஆய்வேடு அடிபட்ட நோயாளி மாதிரி திரும்பி வரும் என்பார்கள். சின்னவள் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டிவிட்டாள்.

"மேடம், அந்த மிக்ஸி வாக்கியம் என் ஓரகத்தி சொன்னது. பழகிக்கிறதுக்கு எடுத்த பேட்டி. கணக்குல வராதுன்னு சொல்லித்தான் எடுத்தேன்."

பேராசிரியை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. அவங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். இன்று காலையில்தான் தெரிந்தது, டிவியில் பார்த்து என்றாள் சின்னவள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பழகுவதற்கு எடுத்த பேட்டியை ஆய்வில் கலக்கக் கூடாது என்பதை முதல் வகுப்பிலேயே தான் சொல்லிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அதைத் திரையில் பெரிதாகப் போடச் சொன்னதும் தானேதான் என்று, பாதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு கேட்டார். "அவங்க சொன்னது அவ்வளவுதானா? அதோட நிறுத்திட்டாங்களா?"

"இல்ல மேடம். மேலே சொன்னாங்க. அந்த அத்தியாயத்துக்கு அது பொருந்தலை. நான் வெட்டிட்டேன்."

பேராசிரியை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

வழியைச் சொன்னார். மழுப்பவில்லை. "சாயங்காலத்துக்குள்ள அவங்ககிட்ட கேளு. மனசாரச் சரின்னு சொன்னா, நடந்ததை நாளைக்குத் தேர்வாளருங்க முன்னாடி நீயே சொல்லிட்டுப் பேசு. அவங்க என்ன முடிவு பண்றாங்களோ பண்ணட்டும். உங்க அக்கா வேண்டாம்னு சொன்னா, எடுத்துடு. எடுத்தா மூணாவது அத்தியாயம் நிக்காது. தேர்வைத் தள்ளிப் போடச் சொல்லி நானே ஃபோன் பண்றேன். மறுபடி எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

ஆக, இத்தனை வருஷ உழைப்பு இப்போது பெரியவளின் ஒரு சொல்லில் தொங்கியது. யாரிடம் அனுமதி கேட்காமல் எடுத்தாளோ, அவளிடமே போய்க் கேட்க வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்தப் பழைய பதிவைப் போட்டாள். முதலில் பாத்திரச் சத்தம். பிறகு தன்னுடைய குரல், 'ம்... சொல்லுங்கக்கா' என்று தேன் தடவிய மாதிரி. தன் குரலைக் கேட்கவே அவளுக்குக் கூசியது. காது கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிற வாக்கியம் வந்தது. அதற்கப்புறம் அவள் வெட்டி எறிந்தது.

'அப்புறம் பயம் வந்துடும்டி. படக்குன்னு ஆஃப் பண்ணிட்டு ஓடுவேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு விட்டுட்டாங்களோன்னு. அங்க போய் நின்னா அத்தை என்னையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அந்த முகத்தைப் பாத்தாத்தான் எனக்கு மூச்சே வரும்.'

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பி நடந்தே வந்தாள். வழியெல்லாம் அழுகை வந்தது, அழவும் வெட்கமாக இருந்தது.

வீட்டில் கணவன் இல்லை. எங்கேயோ ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், லீவையும் மீறிக் கூப்பிட்டுவிட்டார்கள். சின்னவள் நேரே அத்தையின் அறைக்குப் போனாள். உள்ளே காலெடுத்து வைத்ததுமே அவளுக்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. விரிப்பு நனைந்து, நனைந்த இடம் ஓரத்தில் காயவும் ஆரம்பித்திருந்தது. அத்தை கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை, இமை துடித்தது.

குரல் கொடுத்ததும் பெரியவள் ஓடி வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"காலையிலேருந்து தட்டவே இல்லை" என்றாள். "மத்தியானம் ஊட்டினதுக்கப்புறம் ரெண்டு தடவை வந்து பாத்தேன். கண்ணை மூடியிருந்தாங்க. தூங்குறாங்கன்னு நெனச்சுத் தொடாம போயிட்டேன்."

இரண்டு பேரும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள். ஒருத்தி தோளைப் பிடிக்க ஒருத்தி இடுப்பைப் பிடித்து, ஒரே மூச்சில் பக்கவாட்டில் திருப்பினார்கள். வருஷக்கணக்காகச் சேர்ந்து செய்து பழகிய கைகள், மனசு பேசிக்கொள்ளாவிட்டாலும் வேலையைச் செய்தன. இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்திருந்தது. சின்னவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். எடுத்த பிறகும் சிவப்பு அப்படியே நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் புண்ணாகியிருக்கும். இத்தனை வருஷத்தில் பெரியவளின் கையில் அத்தைக்கு ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை.

தலையணையைச் சரி செய்ய எடுத்தபோது அடியில் கரண்டி இருந்தது. தானாக நழுவி அங்கே போயிருக்க முடியாது. அத்தைதான் உள்ளே தள்ளியிருந்தார்.

பெரியவள் கரண்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கையை விடுவித்துக்கொண்டு, பெரியவளின் மணிக்கட்டை இரண்டு முறை தட்டிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி இருந்தது அது. பெரியவள் கையை உருவிக்கொண்டு வெளியே போனாள்.

சின்னவள் பின்னாலேயே போனாள். பெரியவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றுமில்லாத கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தப்பு பண்ணிட்டேன்க்கா" என்றாள் சின்னவள். "பழகிக்கிறதுக்குன்னு சொல்லிட்டுச் சேத்துட்டேன். கேட்டிருக்கணும். கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு கேக்கலை. அதுதான் உண்மை."

பெரியவள் குழாயை மூடினாள். "மீதி எங்க?"

சின்னவள் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இன்னும் இறுக்கி மூடினாள்.

"நான் அன்னிக்கு அதோட நிறுத்தலையே. ஓடுவேன்னு சொன்னேன்ல? அதை எங்க விட்ட? பாதியை மட்டும் அவங்க காதுல போட்டிருக்க. இனிமே நான் எத்தனை தடவை ஓடிப் போய் நின்னாலும் அவங்களுக்கு அந்தப் பாதிதானே ஞாபகம் வரும்?"

பேராசிரியை சொன்னதை எல்லாம், ஒன்றையும் மறைக்காமல் சின்னவள் சொன்னாள். நாளைய தேர்வு, தள்ளிப் போவது, சரி என்றால் என்ன, வேண்டாம் என்றால் என்ன, எல்லாம். நீங்க வேண்டாம்னு சொன்னா இந்த நிமிஷமே எடுத்துடறேன் என்றாள். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு குரல், சரி என்று சொல்லிவிட மாட்டாளா என்று கெஞ்சியது. அந்தக் குரலுக்காகவும் அவள் தன்னை வெறுத்தாள். அப்படியே, மீதியைத் தானே போய் அத்தையிடம் சொல்லிவிடுவதாகவும் சொன்னாள்.

"நீ சொல்லாத" என்றாள் பெரியவள். "உன் வாயால வந்தா அதுவும் ஆராய்ச்சிதான்."

அதில் கோபம்கூட இல்லை. களைப்புதான் இருந்தது. எந்தக் களைப்பைப் பற்றி முந்நூறு பக்கத்துக்கு மேல் சின்னவள் எழுதி வைத்திருந்தாளோ, அது எதிரில் நின்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நீ ஃபோனை வெச்சுட்டு உக்காந்தப்ப, நான் நர்ஸ்கிட்ட பேசலை. படிக்கிறவகிட்டயும் பேசலை. உன்கிட்ட பேசினேன். இந்த வீட்டுல நான் வேற யார்கிட்ட சொல்வேன்?"

பெரியவள் காய்ச்சிய கஞ்சியையும் வெந்த காயையும் மிக்ஸி ஜாடியில் போட்டாள். வடிகட்டியில் கடைந்தது மத்தியானம் அத்தைக்குப் புரையேறிவிட்டதாம். வேறு வழியில்லை.

"நாளைக்கு யாரு வேணா வந்து உக்காரலாமாமே. தம்பி சொன்னாரு" என்றாள், முதுகைக் காட்டியபடி. "பகல்ல அவரு அம்மாகிட்ட இருக்கட்டும். நான் வர்றேன். என் எதிர்ல அதை முழுசா படி. படிக்க முடியுதான்னு பாரு."

அது சரியா, வேண்டாமா? கேட்கிற தைரியம் சின்னவளுக்கு இல்லை. ஹாலில் அவள் செல்போன் அடிக்க ஆரம்பித்தது. சாயங்காலமாகிவிட்டது. பேராசிரியைதான்.

போனைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் பேசவும் முடியாமல் அதை வைக்கவும் முடியாமல், அத்தையின் அறை வாசலில் போய் நின்றாள். அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டி அவருடைய இடது கைக்கு எட்டுகிற தூரத்தில், விரிப்பின் மேல் இருந்தது.

சமையலறையில் மிக்ஸி ஓடத் தொடங்கியது. தொடங்கிய உடனே நின்றது. பெரியவள் ஈரக் கையோடு வேகமாக வந்து, சின்னவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தட்டினீங்களா அத்தை?"

அத்தை இல்லை என்று தலையை அசைத்தார். பெரியவள் திரும்பிப் போனாள். மிக்ஸி ஓடியது. நின்றது. மறுபடியும் அந்தக் காலடிச் சத்தம் ஓடி வந்தது.

"தட்டினீங்களா அத்தை?"

கஞ்சி அரைபட அன்று வெகு நேரமாயிற்று.